மூன்று கருவி, மூன்று அளவு: நானோ படிப்பும் அதன் வேலையும்

"நானோடெக்னாலஜிஸ்ட் தேவை" என்று ஒரு வேலை விளம்பரத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அந்த அளவில் பொருளைச் செய்வதும் அளப்பதும்தான் நானோ. நானோ படித்து, அந்தப் படிப்பால் கிடைத்த வேலையிலேயே காலம் தள்ளி, இப்போது ஆள் எடுக்கும் குழுவிலும் உட்கார்கிறவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். விளம்பரங்களில் வருவது வேறு மாதிரி இருக்கும். மெல்லிய படலப் பூச்சில் அனுபவம் உள்ளவர், எலெக்ட்ரான் நுண்ணோக்கியைத் தனியாக இயக்கத் தெரிந்தவர், மருந்துக் கலவையில் துகள் அளவைக் கட்டுக்குள் வைக்கத் தெரிந்தவர், பேட்டரி மின்முனைப் பொருள்களில் வேலை செய்தவர் என்று கேட்பார்கள். 'நானோ' என்று போட்டு வேலை தேடுகிறவருக்குக் கொஞ்சம்தான் கண்ணில் படும். அவரே தன் கைக்குப் பழகிய கருவியின் பெயரைப் போட்டுத் தேடினால் பட்டியல் நீளும்.

படிப்பை முடிக்கும்போது இதை யாரும் மாணவர்களிடம் சொல்வதில்லை. சேரும்போது சொல்வது இன்னும் அபூர்வம்.

அறிமுக வகுப்புகள் வழக்கமாக 1959-ல் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் பொருளை அணு அளவில் கையாள்வது பற்றி ஆற்றிய உரையில் தொடங்கும். என்னைக் கேட்டால் 1857-ல் தொடங்க வேண்டும். அந்த ஆண்டு மைக்கேல் ஃபாரடே தங்கக் கரைசலிலிருந்து மாணிக்கச் சிவப்பில் ஒரு திரவத்தைத் தயாரித்து, அந்த நிறத்துக்குக் காரணம் அதில் மிதக்கும் மிக நுண்ணிய தங்கத் துகள்களே என்று சொன்னார். அவருக்கும் வெகு காலம் முன்பே, நான்காம் நூற்றாண்டில், ரோமானியக் கைவினைஞர்கள் செய்த லைகர்கஸ் கிண்ணம் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெளியிலிருந்து வெளிச்சம் பட்டால் பச்சை, உள்ளிருந்து வெளிச்சம் ஊடுருவினால் சிவப்பு. கண்ணாடிக்குள் சிதறிக் கிடக்கும் வெள்ளி, தங்க நானோ துகள்கள் செய்யும் வேலை அது. அதைச் செய்த கைகளுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

ஆக, செய்வது பழைய வித்தை. அளப்பதுதான் புதிது. 1981-ல் ஐ.பி.எம்மின் ஜூரிச் ஆய்வகத்தில் கெர்ட் பின்னிக்கும் ஹைன்ரிஷ் ரோரரும் ஸ்கேனிங் டன்னலிங் நுண்ணோக்கியைச் செய்து காட்டினார்கள். ஒரு பரப்பின் அணுக்களை ஒவ்வொன்றாகப் பார்க்க முடிந்த பிறகுதான் இந்தத் துறை ஒரு துறையாக நிமிர்ந்தது. 1986-ல் அவர்களுக்கு நோபல் கிடைத்தது. அந்தப் பரிசின் மறுபாதி எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்காக எர்ன்ஸ்ட் ருஸ்காவுக்குப் போனது. வேலைச் சந்தையிலும் இதுவே நிலைமை. துகளைச் செய்யத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். செய்ததை நம்பகமாக அளந்து, மறுபடியும் அதையே செய்து காட்டத் தெரிந்தவர்கள் குறைவு. சம்பளம் அவர்களுக்குத்தான்.

பயன்பாடுகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன், பாடப்புத்தகத்தில் பக்கம் பக்கமாக இருக்கிறது. கர்ப்பப் பரிசோதனைப் பட்டையிலும் கோவிட் விரைவுப் பட்டையிலும் தெரியும் சிவப்புக் கோடு பலவற்றில் தங்க நானோ துகள்தான். எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி) ஒட்டிய தங்கத் துகள்கள் ஈரத்தோடு ஊர்ந்து வந்து கோட்டில் சிக்கிக் குவிகின்றன, குவிந்ததும் கண்ணுக்குத் தெரிகின்றன. ஃபைசர்-பயோஎன்டெக், மாடர்னா தடுப்பூசிகளில் மெசஞ்சர் ஆர்.என்.ஏ-வைப் பத்திரமாக உயிரணு வரை கொண்டுபோனது ஏறக்குறைய 100 நானோமீட்டர் அளவுள்ள கொழுப்புத் துகள். அதற்கு வெகு முன்பே, 1995-ல், டாக்சில் என்ற புற்றுநோய் மருந்து கொழுப்புக் குமிழுக்குள் அடைத்து அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது. தொலைக்காட்சித் திரைகளில் குவான்டம் புள்ளிகள் என்ற ஒளிரும் நானோ துகள்கள் இருக்கின்றன. பொருள் ஒன்றே, துகள் சிறியதானால் நீலம், பெரியதானால் சிவப்பு. அதைக் கண்டறிந்ததற்கும் செய்முறைப்படுத்தியதற்கும் 2023-ல் மூங்கி பவெண்டி, லூயிஸ் ப்ரஸ், அலெக்ஸி எகிமோவ் மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. இத்தனை பளபளப்புக்கு நடுவில் யாரும் பேசாதவை வண்டி டயரில் கலக்கும் கார்பன் பிளாக் என்ற கரித்தூளும், வண்டியின் புகைக்குழாயில் நச்சு வாயுவை மாற்றும் பிளாட்டினத் துகளும். ஆள் எடுப்பதில் அந்தப் பழைய தொழில்கள் சளைத்தவை அல்ல.

கணினிச் சில்லுகளைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. "3 நானோமீட்டர் சில்லு" என்றால் அதில் எதோ ஒரு பாகம் 3 நானோமீட்டர் நீளம் என்று நினைத்துக்கொண்டு நேர்காணலுக்கு வருகிறார்கள். அது ஒரு தலைமுறைக்கு வைத்த பெயர், அவ்வளவுதான். அளவுகோலை வைத்துத் தேடினால் அந்த எண் எங்கும் கிடைக்க வேண்டிய கட்டாயமில்லை.

ஏன் சிறிதாக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு போதும். ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு நானோமீட்டர் கனசதுரங்களாக வெட்டினால் மொத்த மேற்பரப்பு 6,000 சதுர மீட்டர். எடை மாறவில்லை. வினை நடப்பதும் ஒட்டுவதும் மேற்பரப்பில்தான் என்பதால், அதே எடைக்கு வேலை பல மடங்காகிறது. தொல்லையும் அங்கேதான். இவ்வளவு மேற்பரப்பு உள்ள எதுவும் தனியாக இருக்க விரும்பாது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மேற்பரப்பைக் குறைக்கவே பார்க்கும். நானோ துறையில் சம்பளம் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர், ஏதோ ஒரு வகையில், துகள்கள் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளத்தான் சம்பளம் வாங்குகிறார்கள்.

இதைக் கல்லூரி ஆய்வகத்திலேயே கண்ணால் பார்த்துவிடலாம். 1951-ல் டுர்கெவிச் குழுவினர் விவரித்த தங்கத் துகள் செய்முறை இன்றும் முதல் பாடம். தங்கம் அடங்கிய குளோரோஆரிக் அமிலத்தின் நீர்த்த கரைசலைக் காந்தக் கலக்கியின் மேல் வைத்துக் கொதிக்க விடுவோம். வெளிர் மஞ்சளாக இருக்கும். நன்றாகக் கொதிக்கும்போது டிரைசோடியம் சிட்ரேட் கரைசலை ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். மஞ்சள் மறையும், சற்று நேரம் எதுவும் நடக்காதது போலத் தோன்றும். பிறகு சாம்பல் கலந்த நீலம் ஓடும், ஊதாவாக மாறும், கொதிக்கக் கொதிக்கத் தெளிந்த சிவப்பாக நிலைக்கும். எந்த நிற ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று வரைந்து காட்டும் யூவி-விசிபிள் நிறமாலைமானியில் வைத்தால் 520 நானோமீட்டர் அருகே ஒரு முகடு எழும். அப்படி எழுந்தால் துகள்கள் சுமாராக 15, 20 நானோமீட்டர் அளவில் வந்திருக்கின்றன என்று பொருள்.

அத்தோடு விட்டுவிடக் கூடாது. அந்தச் சிவப்புத் திரவத்தில் கொஞ்சத்தைத் தனியே எடுத்து, சாதாரண உப்புக் கரைசல் சில சொட்டு விடுங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாகிவிடும். சிட்ரேட் ஒட்டியிருப்பதால் துகள்களின் மேல் எதிர்மின்னூட்டம் இருக்கும், அது ஒன்றையொன்று விலக்கி வைத்திருக்கும். உப்பின் அயனிகள் அந்த விலக்கத்தை மறைத்துவிடும். துகள்கள் நெருங்கும், நிறம் மாறும். துகளைச் சுற்றியுள்ள மின்னூட்டத்தைப் பற்றிக் கூழ்ம வேதியியலில் தேர்வுக்குப் படித்த மின் இரட்டை அடுக்கு, ஸீட்டா மின்னழுத்தம் எல்லாம் அந்தச் சில நொடிகளில் கண்ணெதிரே நடந்து முடிகிறது. பின்னாளில் சாயத்திலும் மருந்திலும் பேட்டரிக் குழம்பிலும் நான் சந்தித்த பாதிச் சிக்கல்கள் இதே சிக்கலின் மறு அவதாரங்கள்.

இந்தச் சோதனையை ஒருமுறை செய்து, படம் பிடித்து, அறிக்கையில் ஒட்டிவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். அடுத்த வாரம் அதே குடுவையில், அதே அளவில், இன்னொருவரைச் செய்ய வைத்துப் பாருங்கள். முகடு தள்ளிப்போயிருக்கும், அல்லது அகலமாகியிருக்கும். குடுவையைத் தங்கத்தையும் கரைக்கும் அமிலக் கலவையான இராஜ திராவகத்தில் கழுவினார்களா, தண்ணீர் எந்தத் தரம், சிட்ரேட் எவ்வளவு வேகத்தில் விழுந்தது, கொதி உண்மையிலேயே கொதியா என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். தொழிற்சாலை வேலை என்பது இதுவேதான். ஒரு பட்டதாரி "இதே செய்முறையை மூன்று பேர் செய்தோம், முகடு இவ்வளவு வேறுபட்டது, காரணம் இதுவென்று கண்டுபிடித்தோம்" என்று சொன்னால் என் காது நிமிர்ந்துவிடும். புதுப் பொருள் கண்டுபிடித்தேன் என்று சொல்கிறவரிடம் அந்த அளவு ஆர்வம் எனக்கு வருவதில்லை.

நேர்காணலில் நான் விடாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஒரு ஆக்சைடுப் பொடி. எக்ஸ் கதிரால் படிகத்தை ஆராயும் எக்ஸ்.ஆர்.டி 12 நானோமீட்டர் என்கிறது, எலெக்ட்ரான்களை ஊடுருவ விட்டுப் பார்க்கும் நுண்ணோக்கியான டெம் படத்தில் 40, திரவத்தில் துகள்கள் சிதறடிக்கும் ஒளியைப் பார்க்கும் டி.எல்.எஸ் கருவியில் 150. எது சரி?

"டெம்தான் மேடம், நேரில் பார்க்கிறோமே" என்பது அடிக்கடி வரும் பதில். சிலர் மூன்றையும் கூட்டிச் சராசரி எடுக்கப் பார்ப்பார்கள். விடை, மூன்றுமே சரியாக இருக்கலாம் என்பது. எக்ஸ்.ஆர்.டி முகட்டின் அகலத்தை ஷெரர் சமன்பாட்டில் போட்டால் கிடைப்பது படிகக் கூறின் அளவு, ஒரு துகளுக்குள் அப்படிப் பல கூறுகள் இருக்கலாம். செங்கல்லின் நீளத்தைக் கேட்டால் ஒரு விடை, சுவரின் நீளத்தைக் கேட்டால் இன்னொரு விடை, அது மாதிரி. டெம் காட்டுவது உலர்ந்த நிலையில் தனித் துகளின் நிழல். டி.எல்.எஸ் துகளை நேரடியாக அளப்பதே இல்லை. அது திரவத்தில் எவ்வளவு வேகமாகத் தடுமாறி அலைகிறது என்று பார்த்து, அதிலிருந்து அளவைக் கணக்கிடுகிறது. துகளோடு கூட நகரும் திரவ அடுக்கும், மேலே ஒட்டிய மூலக்கூறுகளும் அதில் சேர்ந்துவிடும். துகள்கள் கொத்தாக இருந்தால் கொத்தின் அளவுதான் வரும்.

டி.எல்.எஸ்ஸில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. இவ்வளவு சிறிய துகள்கள் சிதறடிக்கும் ஒளி விட்டத்தின் ஆறாம் அடுக்கில் ஏறும். 100 நானோமீட்டர் துகள் ஒன்று, 10 நானோமீட்டர் துகளைப் போலப் பத்து லட்சம் மடங்கு ஒளியைச் சிதறடிக்கும். ஆகவே கொஞ்சம் தூசி விழுந்தாலோ, விரல் விட்டு எண்ணக்கூடிய சில கொத்துகள் இருந்தாலோ, கருவி அவற்றைத்தான் பார்க்கும், மற்றவை இருப்பதே தெரியாது. ஒருமுறை ஓர் இளைஞர் என் கேள்விக்கு விடையே சொல்லவில்லை. "எந்தத் திரவத்தில் கலந்தீர்கள்? எவ்வளவு நேரம் சோனிகேட் பண்ணி, மீயொலியால் கொத்துகளை உடைத்தீர்கள்? வடிகட்டினீர்களா?" என்று என்னைத் திருப்பிக் கேட்டார். அவர் எங்களோடுதான் வேலை செய்கிறார்.

படத்தை நம்பாதே என்பதைக் கல்லூரியிலேயே பழக்கப்படுத்திக்கொள்வது நல்லது. டெம் மாதிரி என்பது மூன்று மில்லிமீட்டர் அகலச் செம்பு வலைச்சில்லின் மேல் ஒரு சொட்டை விட்டு உலர்த்தியது. சொட்டு உலரும்போது துகள்கள் ஓரத்துக்கு இழுக்கப்பட்டு ஒன்றாகக் குவியும். படத்தில் கொத்தாகத் தெரிந்தால் அது திரவத்திலேயே கொத்தாக இருந்ததா, உலரும்போது கொத்தானதா என்று படத்தைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. அதே மாதிரியை இ.டி.எஸ்ஸில் வைத்து எந்தத் தனிமங்கள் என்று பார்த்தால் செம்பும் கார்பனும் கட்டாயம் வரும். அவை வலைச்சில்லிலிருந்தும் அதன் மேலுள்ள கார்பன் படலத்திலிருந்தும் வருபவை. "எங்கள் துகளில் செம்பும் கலந்திருக்கிறது" என்று பெருமையோடு எழுதிய ஆய்வறிக்கைகளை நான் கையில் பிடித்திருக்கிறேன். வழிகாட்டியும் கையெழுத்துப் போட்டிருப்பார்.

இது போல இன்னொன்று. கொத்துகளை உடைக்கக் குச்சி வகை சோனிகேட்டரைத் திரவத்துக்குள் இறக்குவோம். அதன் முனை டைட்டானிய உலோகம். ஓட ஓட முனை அரித்து, டைட்டானியத் துணுக்குகள் மாதிரிக்குள் உதிரும். பழைய முனையைத் தடவிப் பார்த்தால் சொரசொரவென்று குழி விழுந்திருப்பது தெரியும். சுத்தமான சிலிக்கா மாதிரியில் டைட்டானியம் எங்கிருந்து வந்தது என்று யோசித்து மண்டையை உடைத்துக்கொள்வதற்கு முன் முனையைக் கழற்றிப் பார்ப்பது மேல்.

வாங்கும் பொடிகளுக்கும் இதே சந்தேகம் வேண்டும். ஒருமுறை நாங்கள் வாங்கிய புட்டியில் "30 நானோமீட்டர்" என்று அச்சிட்டிருந்தது. மேற்பரப்பைக் காட்டும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியான செம்மில் வைத்துப் பார்த்தால் பல மைக்ரான் அகல உருண்டைகள் (ஒரு மைக்ரான் ஆயிரம் நானோமீட்டர்). உற்றுப் பார்த்தால் அந்த உருண்டைகள் 30 நானோமீட்டர் துகள்கள் இறுகி ஒட்டியவை. சோனிகேட்டருக்கும் அவை மசியவில்லை. விற்றவர் சொன்னது பொய்யில்லை, ஆனால் எங்கள் பூச்சுக்கு அது உதவவும் இல்லை. அதன் பிறகு கொள்முதல் ஆணையில் "முதன்மைத் துகள் அளவு" என்று ஒரு வரியும், "கலக்கிய பின் டி.எல்.எஸ் அளவு" என்று இன்னொரு வரியும் எழுதும் வழக்கம் வந்தது.

இனி இலைச்சாறு பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. எங்களுக்கு வரும் விண்ணப்பங்களில் கணிசமானவை ஒரே திட்டம். ஏதோ ஓர் இலையை அரைத்துச் சாறெடுத்து, சில்வர் நைட்ரேட்டில் ஊற்றி, பழுப்பு நிறம் வந்ததும் 400-க்கும் 450 நானோமீட்டருக்கும் நடுவில் முகடு காட்டி, பாக்டீரியாத் தட்டில் ஒரு தடுப்பு வட்டத்தைப் படம் பிடித்து முடித்துவிடுகிறார்கள். இலை மட்டும் மாறும். நச்சு வேதிப்பொருளைத் தவிர்க்கும் எண்ணம் நல்லது, மலிவாகச் செய்யக்கூடியது என்பதும் உண்மை. ஆனால் வெள்ளி அயனியே பாக்டீரியாவைக் கொல்லும். வினையில் மாறாமல் மிஞ்சிய வெள்ளி அயனி அந்த வட்டத்தை உண்டாக்கவில்லை என்று எப்படித் தெரியும்? அதே செறிவில் சில்வர் நைட்ரேட் தனியாக ஒரு தட்டு, இலைச்சாறு தனியாக ஒரு தட்டு, துகள்களைச் சுழற்றிப் பிரித்த பின் மேலே நிற்கும் தெளிநீர் தனியாக ஒரு தட்டு. இந்த மூன்றும் பக்கத்தில் இருந்தால் அதே திட்டம் உடனே ஆய்வாகிவிடும். இல்லையென்றால் அது நிறம் மாறிய ஒரு குடுவையின் படம். உங்கள் வழிகாட்டி இதைத்தான் செய்யச் சொன்னால் செய்யுங்கள், அந்த மூன்று தட்டுகளையும் நீங்களாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சில்லுத் தொழில் பக்கம் போக நினைப்பவர்களுக்குப் பாதை வேறு. அங்கே காற்றின் தூசியை வடிகட்டிய தூய அறைதான் பள்ளிக்கூடம். ஐ.எஸ்.ஓ 5 வகுப்பு அறையில் ஒரு கன மீட்டர் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 3,520-ஐத் தாண்டக் கூடாது. மிகத் தளர்வான ஐ.எஸ்.ஓ 9 வகுப்பில் அதே வரம்பு 3.52 கோடி. அந்த அறைக்குள் மிகப் பெரிய அழுக்கு மனிதர்தான். முழு உடை, முகமூடி, இரட்டைக் கையுறை. முகப்பூச்சு கூடாது, சாதாரணக் காகிதம் கூடாது, பென்சில் கூடவே கூடாது, ஏனென்றால் கிராஃபைட் உதிரும். ஒளியால் சில்லின் வடிவத்தைப் பதிக்கும் ஒளிப்படியச்சு நடக்கும் பகுதியில் விளக்குகள் மஞ்சளாக இருக்கும், வெள்ளை வெளிச்சத்தில் உள்ள நீலமும் புற ஊதாவும் ஒளியுணர் படலத்தைக் கெடுத்துவிடும் என்பதால். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கையாளும் மேசைக்குப் பக்கத்தில் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையுறை மாட்ட வேண்டும். அந்த அமிலம் தோலில் பட்டதும் எரிச்சல் உடனே தெரியாமல் போகலாம், உள்ளே போய் எலும்பு வரை வேலை செய்யும். இதெல்லாம் வகுப்பில் எழுதிக்கொள்ளும் செய்திகள் இல்லை, உடம்பு பழக வேண்டிய ஒழுங்கு. தூய அறை இல்லாத கல்லூரியில் படிக்கிறவர்கள், அது உள்ள இடத்தில் ஒரு கோடைக்காலப் பயிற்சிக்காவது போய் வர வேண்டும்.

எந்தப் படிப்பு என்ற கேள்விக்கு என் கருத்து இது. எல்லோரும் ஏற்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இளநிலையில் நானோ வேண்டாம். இயற்பியல், வேதியியல், பொருளறிவியல், வேதிப்பொறியியல், மின்னணுவியல், உயிரித்தொழில்நுட்பம் என்று ஏதாவது ஒன்றில் ஆழமாகக் கால் ஊன்றிவிட்டு, முதுநிலையில் நானோவுக்கு வாருங்கள். இளநிலையிலேயே நானோ எடுத்தவர்கள் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்து வருகிறார்கள். வேதியியல் பட்டதாரியோடு மேற்பரப்பு வேதியியலில் மோத முடிவதில்லை, மின்னணுவியல் பட்டதாரியோடு சாதன வடிவமைப்பில் மோத முடிவதில்லை. விண்ணப்பத்தைச் சலிக்கும் மனிதவளத் துறையினருக்கு அந்தப் பட்டத்தை எந்தப் பெட்டியில் போடுவது என்பதும் குழப்பம். ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்கள் பதற வேண்டாம். விருப்பப் பாடங்களையும் திட்டங்களையும் ஒரே திசையில் எடுத்து, தனக்கென்று ஒரு முதுகெலும்பை உண்டாக்கிக்கொண்டால் போதும்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தையும் கருவிகளின் விலையையும் காட்டுவார்கள். நீங்கள் கருவியின் பக்கத்தில் தொங்கும் பதிவேட்டைக் கேளுங்கள். யார், எந்தத் தேதியில், எவ்வளவு நேரம் பயன்படுத்தினார் என்று ஒவ்வொரு முறையும் அதில் எழுதவேண்டும். அதில் மாணவர் பெயர்கள் இருந்தால் நல்ல இடம். ஒரே தொழில்நுட்ப உதவியாளரின் பெயர் பக்கம் பக்கமாக இருந்தால், மாணவர்கள் மாதிரியைக் கொடுத்துவிட்டுப் படக் கோப்புக்காகக் காத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். கடைசிப் பதிவு போன வருடத்தோடு நின்றிருந்தால் கருவி பழுது. விலை உயர்ந்த டெம்மை எட்ட நின்று பார்ப்பதைவிட, ஊசி முனையால் பரப்பைத் தடவிப் படமெடுக்கும் ஒரு சாதாரண ஏ.எஃப்.எம்மில் முனையை நீங்களே மாற்றி, லேசரை நீங்களே ஒழுங்குபடுத்தி, மோசமான படம் ஏன் மோசமாக வந்தது என்று கண்டுபிடிப்பது பல மடங்கு மேல். முனை மழுங்கினால் படத்தில் எல்லாத் துகள்களும் ஒரே வடிவத்தில், ஒரே பக்கம் சாய்ந்தது போல வரும். நாமே முனை மாற்றியிருந்தால் அந்தப் படத்தைப் பார்த்ததும் மனதில் மணி அடிக்கும்.

பாடங்களில் வெப்ப இயக்கவியலும் புள்ளியியலும் தூக்கத்துக்கான வகுப்புகள் என்ற பெயர் எங்கும் உண்டு. வேலைக்கு வந்தபின் தினமும் பயன்படுவது அந்த இரண்டும்தான். படத்தில் உங்களுக்குப் பிடித்த பத்துத் துகள்களை அளந்து சராசரி போடுவது புள்ளியியல் ஆகாது. பல இடங்களில் எடுத்த பல படங்களிலிருந்து சில நூறு துகள்களையாவது அளந்து, பரவலை வரைய வேண்டும். அதற்கு இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருள் போதும். ஏ.எஃப்.எம் படங்களுக்கு குவிடியன் இருக்கிறது, அதுவும் இலவசம். பர்டியூ பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட நானோஹப் தளத்தில் சாதனங்களையும் பொருள்களையும் உலாவியிலேயே பாவனை செய்து பார்க்கலாம், பாடங்களும் கிடைக்கும். பைதான் தெரிந்தால் நல்லது என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது கட்டாயம் என்கிறேன்.

முனைவர் பட்டம் வேண்டுமா? புதுப் பொருளை வடிவமைக்கும் பதவிகளுக்கு அதைக் கேட்பார்கள், தப்பிக்க முடியாது. செய்முறைப் பொறியாளர், தரக் கட்டுப்பாடு, கருவி இயக்கம் போன்ற பதவிகளுக்கு முதுநிலையே போதும், சில இடங்களில் இளநிலையும் போதும். கருவி விற்கும் நிறுவனங்களில் பயன்பாட்டு நிபுணர் என்று ஒரு வேலை இருப்பது மாணவர்களுக்குத் தெரிவதே இல்லை. வாடிக்கையாளரின் மாதிரியை வாங்கி, தன் கருவியில் ஓட்டி, முடிவை விளக்கிச் சொல்வது அது. பேச்சும் கைத்திறனும் சேர்ந்தவர்களுக்கு அருமையான இடம், ஒரே வருடத்தில் எத்தனையோ துறைகளின் மாதிரிகள் கண்ணில் படும்.

பாதுகாப்பு பக்கமும் ஆள் தேவை வளர்கிறது. உலர்ந்த நானோ பொடியை எடைபோடுவதே ஒரு கலை. புகைக்கூண்டுக்குள், காற்று அதிகம் இழுக்காத வேகத்தில், புட்டியை மெல்லத் திறந்து எடுக்க வேண்டும். வேகமாக இழுக்கும் கூண்டில் தராசில் இருப்பது பறந்துபோகும். முடிந்தால் பொடியைத் திரவத்தில் கலந்தே வாங்குவது இன்னும் நல்லது. பெரிய துகளுக்கு எழுதிய பாதுகாப்புத் தாளை அப்படியே நானோ துகளுக்கும் நீட்ட முடியாது. டைட்டானியம் டை ஆக்சைடை உணவில் நிறமியாகச் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் தடை செய்தது, அதன் துகள்களில் ஒரு பகுதி நானோ அளவில் இருப்பது அந்த மதிப்பீட்டில் பெரிய விஷயமாக இருந்தது. அங்கே வேதிப்பொருள்களைப் பதிவு செய்யும் ரீச் சட்டத்தில் நானோ வடிவங்களுக்குத் தனித் தகவல் தர வேண்டும் என்ற விதி 2020 முதல் நடைமுறையில் இருக்கிறது. அங்கே பொருளை விற்க நினைக்கும் நிறுவனங்களுக்கு அந்த ஆவணங்களைத் தயாரிக்க, டெம் படமும் புரிந்து, தெளிவாக ஒரு பக்கம் எழுதவும் தெரிந்தவர்கள் வேண்டும். துகள் அளவு என்று வெறும் எண்ணைப் போட்டால் அங்கே எடுபடாது. எந்தக் கருவி, மாதிரியை எப்படித் தயாரித்தார்கள், எத்தனை துகள்களை எண்ணினார்கள் என்று பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.